திருத்திய வரைவு

எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்பதை அடித்துவிட்டுப்
பன்னிரண்டு என்று எழுதினோம்.
தல்லாகுளத்தில் ஒரு மாடி அறை. ஐந்து பேர்.
இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சுற்றும்.
அதன் கீழே உட்கார்ந்தவர்தான் தலைவர்.

முதியோர் கல்விப் பயிற்றுநர், தகுதிகள்.
கடைசியாகப் பார்த்தது பதினாறு வருடம் முன்னால்.
அந்தத் தாள் அதற்கும் முந்தைய தாளின் நகல் போல.
நல்லொழுக்கம், தெளிவான கையெழுத்து,
அரிக்கேன் விளக்கைப் பராமரிக்கத் தெரிந்திருத்தல்.
சிரித்து முடித்து அதையும் அடித்தோம்.
அந்த இடத்தில் கணினிச் சான்றிதழ் உட்கார்ந்தது.

கள ஆய்வில் என் பங்குக்கு விழுந்தது
செக்கானூரணி தாண்டி ஓர் ஊர்.
ரேஷன் கடை வாசல். இரவு ஏழரை.
மண்ணெண்ணெய் வாசம் இன்னும் போகாத சிமெண்டுத் தரையில்
பதினான்கு பேர். ஒருவர் தூங்கினார்.
ஒச்சம்மாள். வயது நாற்பத்து மூன்று. எட்டாம் வகுப்பு.
பதினோரு வருடமாகச் சொல்லித் தருகிறார்.
மதிப்பூதியம், வந்தால் உண்டு.

நான் வாக்கியம் தயாராக வைத்திருந்தேன்:
அனுபவம் உள்ளவர்களுக்கு விலக்கு அளிக்கப் பரிந்துரைப்போம், கவலைப்படாதீர்கள்.
அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.
“விலக்கு எதுக்கு சார்?
போன வருசம் தவமணி, இந்தா, மூணாவதா உக்காந்திருக்கா,
குழுக் கடன் தாளை எழுத்துக்கூட்டி எனக்கே வாசிச்சுக் காட்டுனா.
ஒரு எழுத்துப் பிசகல.
பிணையாளர்னு இருந்துச்சு. என்னக்கான்னு கேட்டா.
கூட இருக்கிற ஆளு, துணைக்குப் போடுறதுன்னு சொன்னேன்.
போட்டா.
கடன் வாங்குனவ திருப்பூர் போயிட்டா.
இவ வீட்டுக் கறவை மாட்டை வித்துக் கட்டுனோம்.”

தவமணி நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
தூங்கியவர் விழித்துவிட்டார்.
“வாசிக்கச் சொல்லித் தந்தது நாந்தான்.
அந்தச் சொல்லை எனக்கு யாரும் சொல்லித் தரல.
பரீட்சை வைங்க சார், எழுதுறேன்.
அதுக்கு முந்தி கத்துக் குடுங்க.”

கடைசிப் பேருந்தில் மடியில் படிவம்.
கல்வித் தகுதி, கட்டம். அனுபவம், கட்டம்.
தெரியாததைத் தெரியாது என்று சொன்ன தேதி
எந்தக் கட்டத்திலும் நிற்கவில்லை.
நாகமலை இருட்டில் பேருந்தோடு கூட வந்தது.
நான் கடைசியாக வகுப்பு எடுத்து இருபது வருடம் ஆகிறது.
அதை யாரும் மறு ஆய்வு செய்யவில்லை.

மறுநாள் குழுவில் சொன்னேன்:
பன்னிரண்டு இருக்கட்டும், எட்டும் இருக்கட்டும்,
முதலில் ஆறு மாதம் பயிற்சி. கடன் தாள், பத்திரம், காப்பீட்டுப் படிவம்,
ஊரில் கையெழுத்துக் கேட்டு வரும் எல்லாத் தாளும்.
அதன் பிறகு தேர்வு.
“பயிற்சி தருபவருக்கு என்ன தகுதி?” என்றார் தலைவர்.
நல்ல கேள்வி என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.
வடை வந்தது.

ஒச்சம்மாள் இப்போது இரவில் எனக்குப் படம் அனுப்புகிறார்,
ஒரு நாளைக்கு ஒரு சொல், விரல் நிழலோடு.
ஈட்டுறுதி. அசலும் வட்டியும் சேர்ந்த தவணை. நிபந்தனைக்கு உட்பட்டு.
அகராதியைப் புரட்டி, வங்கியில் கேட்டு,
குரல் பதிவாகப் பதில் போடுகிறேன்.
நேற்று வந்தது யாரோ ஒருவரின் கிரயப் பத்திரம்:
தானாதி விநியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்.

குழுவில் சுற்றுக்கு விட்டேன்.
ஐந்து பேர். மூன்று முதுகலை, ஒரு முனைவர்.
தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பத்திரப் பதிவு அலுவலக வாசலில் எழுதுபவரிடம்
ஆள் அனுப்பிக் கேட்கச் சொல்லியிருக்கிறோம்.
அவர் சாப்பிடப் போயிருக்கிறாராம்.

வரைவு இன்னும் மேசையில் கிடக்கிறது.
ஒச்சம்மாளின் செய்திக்குக் கீழே
இரண்டு நீலக் கோடுகள்.
நான் படித்துவிட்டேன் என்பது
அவருக்குத் தெரியும்.